செய்யாத குற்றமும் செங்கோலும்

கொலை செய்தவனை ஒறுத்தல் அரசின் கடன் என்பது எந்நாட்டு நீதிநூலார்க்கும் ஒப்பமுடிந்தது. கொலை செய்யக் கை ஓங்கினவனைத் தடுத்தலும் அரசின் கடனே என்பதில் ஐயம் இல்லை. ஆயின், எண்ணியும் இன்னும் செய்யாது நின்றானைச் செய்தவனாகவே கொண்டு ஒறுத்தல் முறையாகுமா? எண்ணவுந் தொடங்காத ஒருவனை, நாளை இவன் இன்னது செய்வான் என்று வருவதறிவார் சொல்லக் கேட்டு, இன்றே சிறையிடுதல் முறையாகுமா? இவ்வினாவைக் கதைப்போக்கில் வைத்து ஆராயும் அமெரிக்கப் படக்காட்சி ஒன்று 2002-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் என்பார் இயக்கிய அப்படத்திற்கு 'மைனாரிட்டி ரிப்போர்ட்' என்று பெயர். சிறுபான்மையோர் அறிக்கை என்பது அதன் பொருள். பிலிப் கே. டிக் என்னும் ஆசிரியர் 1956-இல் வெளியிட்ட சிறுகதை அதற்கு முதனூலாம்.

படக்காட்சியும் ஓர் ஆராய்ச்சிப் பொருளாமோ எனச் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். கூத்தினாலும் கதையினாலும் அறம் உணர்த்துதல் பண்டுதொட்டு வரும் வழக்கேயாதலின், அவர்க்கு வேறு விடை வேண்டா. துரத்தலும் ஓடலும் தாவலுமாகிய ஆரவாரம் இப்படத்தில் மிகுதியும் உண்டு. அதனைப் பதரென நீக்கி உள்ளீட்டை நாடுவார்க்குப் பயன் உண்டு.

கதை நிகழுங் காலம் 2054. களம் அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டன். அந்நகரில் ஆறாண்டுகளாகக் கொலை அற்றொழிந்தது. அதற்குக் காரணமாயினார் மூவர். கொடிய மயக்கமருந்து ஒன்றிற்கு அடிமைப்பட்டார் வயிற்றிற் பிறந்து, நிகழப்போகுங் கொலைகளைக் கனவிற் காணும் ஆற்றல் எய்திய அகதா என்னும் பெண்ணும், ஆர்தர், டாஷியல் என்னும் இரட்டையருமே அவர். நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டு, உறக்கமும் விழிப்பும் அல்லாததொரு நிலையில் அவர்களை வைத்து, அவர் உள்ளத்தில் எழுங் காட்சிகளைப் பொறியாற் கவர்ந்து திரையிற் காண்கின்றனர் காவலர். கொல்வான் பெயரும் கொல்லப்படுவான் பெயரும் பொறித்த மரவுருண்டைகள் உருண்டுவந்து விழும். காவற்படை விரைந்தோடிக் கை ஓங்கும் பொழுதிலேயே ஆளைப் பிடித்துவிடும். பிடிபட்டானுக்கு வழக்கில்லை, வாதமில்லை. நீதிபதி ஒருவர் தொலைவிலிருந்து அக்காட்சியைத் திரையிற் கண்டு சான்றாதலோடு விசாரணை முடிந்தது. தலையில் ஒரு வளையம் பூட்டப்பட்டு, கனவுறக்கத்தில் ஆழ்த்தப்பட்டு, நெடிய குழாயொன்றினுள் அவன் நிறுத்தி வைக்கப்படுவான். 'முற்குற்றப்படை' என்னலாகும் இவ்வமைப்பை நாடு முழுதும் பரப்பலாமா என்று மக்கள் வாக்களிக்கவிருக்குங் காலத்திற் கதை தொடங்குகின்றது.

இப்படையின் தலைவன் ஜான் ஆண்டர்ட்டன். பொது நீச்சற்குளம் ஒன்றிலே, தான் நீரில் மூழ்கியிருந்த சிறுபொழுதில், தன் இளமகனைப் பறிகொடுத்தவன். தனக்கு நேர்ந்தது பிறர்க்கு நேராமல் இப்படை காக்கும் என்பதே அவன் உயிர்ப்பற்றுக்கோடு. ஒருநாள் உருண்டுவந்த உருண்டையிற் கொல்வான் பெயராக நின்றது அவன் பெயரே! கொல்லப்படுவான் லியோ குரோ என்னும், அவன் கண்டும் கேட்டும் அறியாத ஒருவன். இடைப்பட்ட பொழுது 36 மணி. தன் படைக்கே தப்பி ஓடும் ஆண்டர்ட்டனுக்கு, இம்முறைக்கு வித்திட்டாருள் ஒருத்தியாகிய ஐரிஸ் ஹைன்மன் என்னும் முதியவள் ஓருண்மை கூறுகின்றாள். மூவர் காட்சியும் என்றும் ஒத்திருப்பதில்லை. சிலபோது ஒருவர் வேறுபடக் காண்பர். அவ்வேறுபட்ட காட்சியே சிறுபான்மையோர் அறிக்கை. அமைப்பின்மேல் மக்களுக்கு ஐயம் பிறவாதபடி அது மறைத்து அழிக்கப்படும் என்பதே அவள் கூறியது.

தமிழ் இலக்கணத்திற் கால வழுவமைதி என ஒன்று உண்டு. எறும்பு முட்டை கொண்டு மேட்டில் ஏறக் கண்டவன் 'மழை பெய்தது' என்கின்றான். மழை இன்னும் பெய்யவில்லை. பெய்யும் என்னுந் தெளிவின் மிகுதியால் எதிர்காலத்தை இறந்தகாலமாக்கிச் சொல்லிவிட்டான். வழுவேயாயினும் இஃது அமைக்கப்படும் என்பர் இலக்கணமுடையார். முற்குற்றப்படையின் நீதி முழுதும் இவ்வழுவமைதி ஒன்றன்மேல் நிற்பது. அங்கே 'கொல்வான்' என்பது 'கொன்றான்' எனத் திரிந்துவிடுகின்றது. உலகவழக்கில் இத்திரிபால் யார்க்கும் ஊறில்லை. மழை பொய்த்தால் சொன்னவன் சிறிது நாணுவான், அவ்வளவே. நீதிமன்றத்தில் இதனை அமைத்துக்கொண்டால் நாணி மீளுதற்கும் இடமில்லை. சிறைப்பட்டவன் செய்திருப்பானா, செய்யாது ஒழிந்திருப்பானா என்பதனை இனி ஒருவராலும் அறிய இயலாதன்றோ?

அன்றியும், எறும்புக்கும் மழைக்கும் உள்ள இயைபு வேறு. மனிதனுக்கும் அவன் செயலுக்கும் உள்ள இயைபு வேறு. மழை தன்னைக் குறித்துச் சொல்லப்பட்டதைக் கேளாது, கேட்டு மனந்திரும்பாது. மனிதனோ கேட்பான். 'நீ இன்னது செய்யப்போகின்றாய்' என்னுஞ் சொல் அவன் செவியிற் பட்ட அளவிலேயே, அச்சொல்லும் அவன் செயலுக்குக் காரணங்களுள் ஒன்றாய்ப் புகுந்துவிடுகின்றது. படத்திலும் அகதா ஆண்டர்ட்டனை நோக்கி, வருவதை அறிந்தமையின் அதனை மாற்றவும் வல்லாய் என்னும் பொருள்பட உரைக்கின்றாள். சிறையிடப்பட்ட ஏனையோர்க்கு இவ்வறிவிப்புத் தானும் வழங்கப்படவில்லை. தலைவனாயிருந்தமையால் ஆண்டர்ட்டன் அறிந்தான், எளியோர் அறிந்திலர்.

இதற்கு முற்பட்ட இடமொன்றில், மைய அரசின் ஆய்வாளனாகிய விட்வர் இவ்வையத்தை எழுப்பியபோது, ஆண்டர்ட்டன் மரவுருண்டை ஒன்றை மேசைமேல் உருட்டிவிடுகின்றான். விட்வர் அது கீழே விழாதவாறு பிடித்துக்கொள்கின்றான். பிடியாதிருப்பின் விழுந்தே தீரும். பிடித்துத் தடுத்தமையால் 'விழவிருந்தது' என்பது பொய்யாகாது என்பதே ஆண்டர்ட்டன் வாதம். கேட்டற்கு இனிதாயினும் உவமை பொருளொடு பொருந்தவில்லை. விளிம்பை அடைந்தபின் நின்று திரும்பும் ஆற்றல் உருண்டைக்கு இல்லை, மனிதனுக்கு உண்டு. அவ்வாற்றல் இல்லையென்று கொள்ளின், அவனை ஒறுத்தற்கும் நியாயம் இல்லையாகும். விழுந்த கல்லைச் சிறையிடுவார் இலர். ஆகவே முற்குற்றப்படை தன் வாதத்தானே தான் வீழ்கின்றது. மனிதன் உருண்டை போல்வானாயின் குற்றவாளி அல்லன். உருண்டை போல்வான் அல்லனாயின் இன்னும் குற்றவாளி ஆகவில்லை.

தடுத்தல், ஒறுத்தல் என்னும் இரண்டனையும் வேறு பிரித்து உணராமையே இங்குள்ள மயக்கத்திற்கு வேர். படத்தின் தொடக்கத்திலே ஹவர்ட் மார்க்ஸ் என்பான் தன் மனைவியை வேறொருவனோடு காண்கின்றான். சினத்தாற் கத்திரிக்கோலை ஓங்குகின்றான். காவலர் பாய்ந்து கையைப் பற்றுகின்றனர். இதுகாறும் நிகழ்ந்தது அறமே. இருவர் உயிர் பிழைத்தது. ஒருவன் கொலைப்பழியினின்றும் தப்பினான். கத்திரிக்கோலைப் பறித்து, அவனைச் சினந்தணிய ஓரிடத்தில் இருத்தி, ஓங்கிய கைக்கு உரிய சிறுதண்டத்தை விதித்து விடுத்திருப்பின் யாரே குறை கூறுவர்? அவன் தலையிலோ கொலையாளிக்குரிய வளையம் பூட்டப்படுகின்றது. காப்பாற்றப்பட்டவர் மூவருள் ஒருவனை உயிரோடு புதைத்துவிட்டு, கொலை தடுக்கப்பட்டது என்று நகரம் மகிழ்கின்றது.

ஈண்டுச் சைவ நூலறிவுடையார் ஒரு தடை எழுப்பலாம். 'வினை மனம் வாக்குக் காயம் என்னும் மூன்றானும் ஈட்டப்படுவது, எண்ணமும் வினையே, எண்ணியவனை ஒறுத்தலில் இழுக்கென்னை?' எனின், விடை வருமாறு: மனத்தான் ஈட்டிய வினைக்கும் பயன் உண்டென்பது உண்மையே. அப்பயனைக் கூட்டுவிப்பான் உயிர்க்குயிராய் நின்று அனைத்தும் ஒருங்கறியும் முதல்வன். அவன் ஊட்டுவதும் பகைமையானன்று. கைப்பு மருந்தூட்டும் மருத்துவன்போல, உயிரின் மலநோய் பருவமுற்று நீங்குதற்பொருட்டு. அரசன் புறத்தே நின்று காண்பான். அவன் கோல் செயல்மேற் செல்வதல்லது உள்ளத்தின்மேற் செல்வதன்று. முதல்வன் அனைத்தும் அறிந்திருந்தும் உயிர்க்குக் காலங் கொடுக்கின்றான். முற்குற்றப்படையோ சிறிது அறிந்த அளவிலே காலத்தைப் பறித்துக்கொள்கின்றது. இன்னும் நுணுகி நோக்கின், மூவர் காண்பது எண்ணத்தையும் அன்று, நிகழ்ச்சியையே காண்கின்றனர். முன்னரே சூழ்ந்து செய்யுங் கொலைக்குப் பழுப்பு உருண்டையும், திடீரென எழுஞ் சினத்தாற் செய்வதற்குச் சிவப்பு உருண்டையும் வரும் என்பது படத்தின் அமைப்பு. மார்க்ஸுக்கு வந்தது சிவப்பு. அன்று காலை அவன் மனத்தில் ஐயம் இருந்தது, கொலை இல்லை. உருண்டை விழுந்தபோது மனவினையும் ஈட்டப்படவில்லை என்பது தெளிவாகலின், அத்தடை ஈண்டைக்கு ஏலாது.

படத்தில் ஒரு குறையும் உண்டு. அதனை மறைத்தல் ஆராய்ச்சிக்கு அழகன்று. அமைப்பின் முதியதலைவனாகிய லாமார் பர்ஜெஸ் என்பானே ஒரு கொலைகாரன் என்பது இறுதியில் வெளிப்படுகின்றது. மயக்கமருந்தை விட்டொழித்து, தன் மகளைத் திருப்பித்தருமாறு கேட்டுவந்த அகதாவின் தாயை, அகதா இன்றி அமைப்பு நடவாது என்னும் அச்சத்தால் நீரில் அமுக்கிக் கொன்றவன் அவன். அவன் சூழ்ச்சி வெளிப்பட, அவன் தன்னைத் தானே சுட்டு மாய, அமைப்பும் ஒழிகின்றது. காண்போர்க்கு மனநிறைவு உண்டாகின்றது. ஆனால் எழுப்பிய வினாவிற்கு இது விடையாமா? பர்ஜெஸ் தூயவனாயிருந்து, மூவர் காட்சியும் ஒருகாலும் பிழையாதிருப்பின் அவ்வமைப்பு நல்லதாய்விடுமோ? தலைவன் தீயவன் ஆகலின் முறை தீயது என்று காட்டுதல் எளிது. முறையே தீயது என்று காட்டுதலே அரிது. டிக் எழுதிய சிறுகதை இவ்வகையிற் கடுமை மிக்கது. அதில் வரும் ஆண்டர்ட்டன், அமைப்பின்மேல் மக்கள் நம்பிக்கை குலையாமைப்பொருட்டு, தான் செய்யாது ஒழியவல்ல கொலையைத் தானே வலிந்து செய்து நாடுகடந்து போகின்றான். முறையைக் காக்கக் கொலைக்குந் துணியும் மனம் எத்தகையது என்பதனை அக்கதை ஆறுதல் ஒன்றும் கூறாது காட்டிவிடுகின்றது.

எனினும் தாயின் கொலையைக் கதையினுட் கொணர்ந்ததனால் படத்திற்கு ஓர் ஊதியமும் உண்டு. நகரத்தார் அச்சமின்றி உறங்குகின்றனர். அவர் உறங்குதற்பொருட்டு மூவர் உறங்கவும் விழிக்கவும் மாட்டாது, பிறர் கொலைகளையெல்லாந் தம் உள்ளத்தில் ஓயாது கண்டுகொண்டு நீரிற் கிடக்கின்றனர். நகரத்தார் அவரைத் தெய்வநிலையில் வைத்துப் போற்றுகின்றனரே யன்றி, அவர்க்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்டாரில்லை. ஒருவரது அச்சமின்மைக்கு மற்றொருவரது வாழ்நாளை விலையாகக் கொடுக்கும் ஊர், அவ்விலையைக் கணக்கில் எழுதுவதில்லை என்பது இங்கே சொல்லாமற் சொல்லப்பட்டது.

இவையெல்லாம் கற்பனையே என்று தள்ளுவார், அப்படம் பிறந்த நாட்டின் வரலாற்றையே நோக்குக. 1942 பிப்ரவரி 19-இல் அமெரிக்கத் தலைவர் ரூஸ்வெல்ட் 9066 என்னும் எண்ணுடைய ஆணையிற் கையெழுத்திட்டார். ஜப்பானியரோடு போர் தொடங்கிய காலம் அது. அவ்வாணையின் விளைவாக, மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடும் நிலமும் கடையும் விட்டு, முள்வேலியிட்ட முகாம்களுக்குப் போக்கப்பட்டனர். அவருள் மூன்றில் இருபங்கினர் அந்நாட்டிற் பிறந்த குடிமக்கள். ஒருவர்மேலும் தனித்தனியே குற்றஞ்சாட்டி விசாரித்துச் செய்ததன்று அது. இவர் வழியினர் நாளை பகைவர்க்கு உதவக்கூடும் என்பதே காரணமாகக் காட்டப்பட்டது. அப்பகுதிப் படைத்தலைவராயிருந்த டிவிட் என்பார் தம் பரிந்துரையில், இதுவரை நாசவேலை ஒன்றும் நிகழாமையே இனி நிகழும் என்பதற்கு அடையாளம் என்னுங் கருத்தையும் எழுதினார்! செய்யின் குற்றம், செய்யாது நிற்பின் அதனினும் ஐயத்திற்குரிய குற்றம். இத்தகைய தருக்கத்தின்முன் தன்னைக் குற்றமற்றவன் என்று நிறுவ யாரால் இயலும்?

பிரெட் கோரமாட்சு என்னும் இளைஞர் அவ்வாணைக்குப் பணிய மறுத்தார், தண்டிக்கப்பட்டார், வழக்கு அந்நாட்டு மீயுயர் நீதிமன்றம் சென்றது. 1944 டிசம்பரில் நீதிபதியர் அறுவர் அரசின் பக்கமும் மூவர் எதிர்ப்பக்கமுமாகத் தீர்ப்புரைத்தனர். மறுத்த மூவர் ராபர்ட்ஸ், மர்பி, ஜாக்சன் என்போர். குற்றம் செய்தவனுக்கே உரியது, குலவழி இறங்குவதன்று என்பதும், இத்தீர்ப்புக் குண்டு நிரப்பிய துப்பாக்கிபோல் வருங்காலத்து ஆள்வோர் கைக்கு எட்டக் கிடக்கும் என்பதும் ஜாக்சன் உரைத்த கருத்துக்கள். சிறுபான்மையோர் அறிக்கை என்னும் பெயர் கற்பனைக்கதைக்கு மட்டும் உரியதன்று என்பதை இதனால் அறிக. கதையிற்போலவே இங்கும் ஓர் அறிக்கை மறைக்கப்பட்டது. அம்மக்களாற் பெரும்பான்மையும் தீங்கில்லை, ஐயத்திற்குரியாரைத் தனித்தனியே ஆராய்தலே அமையும் என்னுங் கருத்துடைய கடற்படை உளவுத்துறை அறிக்கை, அரசின் கையில் இருந்தும் நீதிமன்றத்தின்முன் வைக்கப்படவில்லை. அரசின் பழைய ஏடுகளைத் துருவினார் அதனையும் அதுபோல்வன பிறவற்றையும் கண்டெடுத்தபின், 1983-இல் கோரமாட்சுவின் மேலிருந்த தண்டனையைக் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் நீக்கினார். 1988-இல் அந்நாட்டுப் பேரவை சட்டத்தாலே மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவர்க்கும் 20,000 டாலர் வழங்க விதித்தது. 1944-ஆம் ஆண்டுத் தீர்ப்புப் பிழையென மீயுயர் நீதிமன்றம் தன் வாயாற் கூறியதோ 2018-இல். அதற்குள் கோரமாட்சு இறந்து பதின்மூன்றாண்டு கழிந்தன.

முகாமிற் பிறந்த குழவிகளும் உளர். அக்குழவிகள் எந்த நாசவேலையை எண்ணினவோ!

வருவதுரைக்கும் மூவர் இன்று இல்லை. அவர் இடத்திற் கணிப்பொறிகள் வந்தன. சிக்காகோ நகரக் காவலர், வருங்காலத்தில் துப்பாக்கிக் கொலையிற் சிக்கக்கூடுவோர் என்று கருதி, மக்கட்பெயர்களை எண்ணிட்டு ஒரு பட்டியல் வைத்திருந்தனர். கைது செய்யப்பட்டு, குற்றம் மெய்ப்படாது விடப்பட்டவரது பழைய கைதும் அவ்வெண்ணை உயர்த்தியது. 2019-இல் அது கைவிடப்பட்டது. கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் நகரம் இவ்வகைக் கணிப்பை 2020-இல் விதியாலேயே விலக்கிற்று. ஒருவனுடைய இயல்புகளைத் தொகுத்துப் பார்த்த அளவானே அவன் குற்றஞ் செய்வான் என்று பொறியாற் கணித்தலை ஐரோப்பிய ஒன்றியம் 2024-இற் செய்த சட்டத்தால் தடுத்தது. பொறிக்கு வருவது தெரியாது, சென்றதே தெரியும். முன்னர் எத்தெருவில் மிகுதியும் காவலர் புகுந்தனரோ, அத்தெருவே இனியுங் குற்றத்தெரு என அது சொல்லும். அச்சொல்லை நம்பிக் காவலர் மீண்டும் அங்கேயே புகுவர். பொறி தான் சொன்னது மெய்யாயிற்றென்று மேலும் அதனையே சொல்லும்.

இனி, இம்முறையை நீக்கவேண்டும் என்பார் மறுத்தற்கரிய ஒரு வினாவிற்கு விடைகூறக் கடமைப்பட்டவர். முற்குற்றப்படை ஒழிந்தபின் வாஷிங்டனிற் கொலைகள் மீண்டும் நிகழுமன்றோ? தடுத்திருக்கக்கூடிய கொலையில் மகனை இழந்த தாய்முன் சென்று, 'கொன்றவனுக்கு மனந்திரும்ப ஒரு கணம் விட்டுவைத்தோம். அவன் திரும்பவில்லை' என்று யார் சொல்வர்? படம் இவ்விடத்து வாய்திறவாது போய்விடுகின்றது. அவ்விலை கொடுக்கப்பட்டே தீரும். கொடாமற் பெறலாம் என்பார் தம்மையும் பிறரையும் ஏமாற்றுவோர். வருமுன் அறிந்து தடுக்க இயன்றவாறெல்லாம் தடுத்து, அதன்மேலும் தவறியதற்குச் சான்றுகண்டு ஒறுத்தலன்றி அரசிற்கு வேறு வழி இல்லை. இச்சொல் அத்தாயின் கண்ணீரைத் துடையாது.

அக்கண்ணீரை அறிந்தவன் ஆண்டர்ட்டனே. ஆதலின் படத்தில் இவ்வினாவிற்கு உண்மை விடை அமைந்த இடம் பர்ஜெஸின் வீழ்ச்சி அன்று. விடுதியறையொன்றில் அவனும் லியோ குரோவும் எதிர்ப்படும் இடமே. அறை முழுதும் குழந்தைகளின் படங்கள் பரந்து கிடக்கின்றன. அவற்றுள் தன் மகனுடைய படமும் உளது. தேடிய கொடியோன் இவனே என்று நம்புகின்றான். கையில் துப்பாக்கி, தனக்கென ஒரு சிறுபான்மை அறிக்கையும் இல்லை என்பதனை முன்னரே அறிந்திருக்கின்றான். மூவரும் ஒருமுகமாய்ச் சொன்னது இக்கொலையைத்தான். அகதா அருகே நின்று, தேர்ந்துகொள்ளும் உரிமை இன்னும் உண்டென்று மன்றாடுகின்றாள். கைக்கடிகாரம் குறித்த நொடியை அறிவித்து ஒலிக்கின்றது. ஆண்டர்ட்டன் நடுங்குங் குரலில், கைதியாவானுக்குச் சட்டம் வழங்கும் உரிமைகளை ஒவ்வொன்றாகக் குரோவுக்குச் சொல்லத் தொடங்குகின்றான். அக்குரோ கொடியவனே அல்லன், தன் குடும்பத்திற்குப் பொருள் கிடைக்கும் என்று அப்பழியை ஏற்க விலைபோன ஒருவன் என்பது அதன்பின் தெரிகின்றது. அவனே துப்பாக்கியைப் பற்றியிழுத்துத் தன் சாவை வருவித்துக்கொள்கின்றான். ஆயினும் கடிகாரம் ஒலித்தபோது விசையின்மேல் இருந்த விரல் அசையவில்லை.